மூட்டைக்கு ஆறு கிலோ

மூன்று மணிக்குள் ரிப்போர்ட் வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். கெமிஸ்ட் மேசை முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடினாள். மூடிய கண்ணைத் திறக்கவே இன்னொரு ஆள் வேண்டும் போலிருந்தது. காலை ஐந்தரைக்கு வந்தவள். கூட இருந்த கெமிஸ்ட் வேலையை விட்டுப் போய் ஐந்து மாதம் ஆகிறது. சீக்கிரம் ஆள் போட்டுவிடுகிறேன் என்று முதலாளி சொல்லியும் ஐந்து மாதம் ஆகிறது. அதுவரை இரண்டு ஆள் வேலையும் இவள் தலையில்தான். அவள் கணவருக்குப் பஸ் டிப்போவில் மாலை வேலை. இவள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பார். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேங்க." இப்போதைக்குக் குடும்பம் என்பது அவ்வளவுதான்.

ரிப்போர்ட்டின் சாரம் என்னவென்றால், கிளி திருடன் என்பது. அந்த வார்த்தையை எழுதச் சொல்லவில்லை. முதலாளி அப்படியெல்லாம் பச்சையாகப் பேசுகிறவர் இல்லை. "கொப்பரையில குறையில்ல, அதுக்கப்புறம்தான் குறையுதுன்னு மட்டும் எழுதிக் குடுங்கம்மா, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார். சரக்கைக் கரைத்துக் கலக்கும் கொப்பரைக்கு அப்புறம் இருப்பது பிரஸ், அதற்கப்புறம் காயவைக்கும் அறை. காயவைக்கும் அறையில் வேலை பார்ப்பவன் கிளி. கூட்டிக் கழித்துப் பார்த்தால் திருடன் என்றுதான் வரும்.

அவர்கள் செய்வது பச்சைப் பொடி. ஓட்டுக்கும் பீங்கானுக்கும் மினுக்குப் பூச இதை வாங்குவார்கள். நீல மயில்துத்தத்தைக் கொதிநீரில் கரைத்து, அதில் சோடா உப்பைக் கொட்டினால் நுரைத்துப் பொங்கி, பச்சையாக அடியில் இறங்கும். அதைப் பிரஸ்ஸில் கொடுத்துத் தண்ணீரைப் பிழிந்து, தட்டில் பரப்பிக் காயவைத்து, மூட்டை கட்டவேண்டும். மூட்டை கட்டுகிறவன் சாயங்காலம் வெளியே வரும்போது புருவம், காது மடல், பல்லிடுக்கு வரைக்கும் பச்சையாக இருப்பான். அதனால்தான் கிளி. சொந்தப் பெயர் சம்பளத் தாளில் மட்டும் இருந்தது.

மூன்று மாதம் முன்புவரை ஒரு பேட்ச்சுக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு கிலோ பொடி வந்தது. பிறகு நூற்று எண்பத்துமூன்று. பேட்ச்சுக்குப் பதின்மூன்று கிலோ எங்கோ போகிறது. சரக்கு இருப்பு எடுத்தபோதுதான் இது முதலாளி கண்ணில் பட்டது. அன்று சாயங்காலமே கேட்டில் சோதனை. எல்லோருக்கும் சோதனை என்று பேர்தான். கிளியைத்தான் நிற்கவைத்து, சட்டையை உதறச் சொல்லி, பேன்ட் பாக்கெட்டை வெளியே இழுத்துப் பார்த்தார்கள். பச்சைப் பொடி கொட்டியது. பச்சைப் பொடி அறையில் ஒன்பது மணி நேரம் நிற்கிறவன் பாக்கெட்டில் பச்சைப் பொடி இல்லாமல் சர்க்கரையா இருக்கும்? ஆனால் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது பேர் பார்த்த பிறகு நியாயம் பேசி என்ன புண்ணியம்.

மறுநாளிலிருந்து கிளி யாரும் கேட்பதற்கு முன்பே, கேட்டுக்குப் பத்தடி இருக்கும்போதே, இரண்டு பாக்கெட்டையும் தானே வெளியே இழுத்துத் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தான். வேறொருவர் கை தன் மேல் படவேண்டாம் என்று. பத்து நாளாக அப்படித்தான் வீட்டுக்குப் போகிறான். இன்றைக்கு ரிப்போர்ட் போய்விட்டால் நாளையிலிருந்து அதுவும் வேண்டியதில்லை.

அவள் கணக்குத் தாளை எடுத்தாள். இந்தக் கணக்கைத் தூக்கத்திலும் போடுவாள். இப்போது ஏறக்குறைய அப்படித்தான் போட்டாள். இரண்டு சரக்கு சேரும்போது எது முதலில் தீர்கிறதோ அது தீர்ந்த இடத்தில் வேலை நின்றுவிடும். மற்றது எத்தனை மிஞ்சினாலும் பிரயோஜனமில்லை. பாடப் புத்தகத்தில் அதற்கு வினைக்கட்டுப்பாட்டுக் காரணி என்று வாய் கொள்ளாத பெயர். இங்கே "முதல்ல தீர்றது" என்றால் எல்லோருக்கும் புரியும். ஒரு பேட்ச்சுக்கு நானூற்றைம்பது கிலோ துத்தம், இருநூறு கிலோ சோடா. துத்தம்தானே அதிகம், அது எப்படி முதலில் தீரும் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். எடையை எடையோடு ஒப்பிடக் கூடாது, மூலக்கூறுகளின் எண்ணிக்கையை எண்ணிக்கையோடு ஒப்பிடவேண்டும் என்று அவள் சொல்வாள். துத்தக் கல் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீரை உள்ளேயே ஒளித்து வைத்திருக்கிறது. அதையெல்லாம் கழித்துப் பார்த்தால், அந்த நானூற்றைம்பது கிலோவுக்கு நூற்றுத் தொண்ணூற்றொரு கிலோ சோடா போதும். போடுவதோ இருநூறு. ஆக, சோடா மிஞ்சும், துத்தம் தீரும். துத்தத்தில் இருக்கும் செம்பு ஒரு பொட்டு விடாமல் பச்சையாகியே தீரவேண்டும். தாளில் நூற்றுத் தொண்ணூற்றொன்பது கிலோ, ஒட்டினது சிந்தினது போக நூற்றுத் தொண்ணூற்றாறு.

கொப்பரையில் குறையில்லை. எழுதினாள். கீழே கையெழுத்து மட்டும் பாக்கி.

டீ குடித்த டம்ளர் மேசையில் காய்ந்து கிடந்தது. கழுவி வைத்துவிட்டுப் போடலாம் என்று எழுந்தாள். பொறுப்பெல்லாம் ஒன்றுமில்லை. பேனாவை எடுக்கக் கை வரவில்லை, அதற்கு ஒரு சாக்கு.

குழாய் இருப்பது பிரஸ்ஸுக்குப் பக்கத்தில். பிழிந்த தண்ணீர் மூடிய குழாய் வழியாக இறங்கி, தரையில் ஓர் இரும்புக் கம்பிச் சட்டத்தின் வழியே நிலத்தடித் தொட்டிக்குப் போகும். டம்ளரை அலசிக் கவிழ்க்கும்போது அந்தச் சட்டம் சிவப்பாகத் தெரிந்தது. துரு என்று நினைத்தாள். துரு இப்படி மினுங்குமா? குனிந்தாள். இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு கையைச் சுவரில் ஊன்றி, மறுகை நகத்தால் சுரண்டினாள். சிவப்பு உரிந்து நகத்தில் ஒட்டியது. புளிபோட்டு விளக்கின செம்புக் குடம் மாதிரி பளபளப்பு.

இரும்பில் செம்பு படிந்திருக்கிறது. துத்தம் கரைந்த தண்ணீர் இரும்பின் மேல் ஓடினால் மட்டுமே இது நடக்கும். ஒரு நாள் ஓடினால் கறை. இவ்வளவு தடிமனாகப் படிய மாதக்கணக்கில் ஓடியிருக்கவேண்டும்.

அவள் டம்ளரை மறுபடி கையில் எடுத்தாள். பிரஸ்ஸின் வடிகுழாய் முனையில் சொட்டிய தண்ணீரை அதிலேயே பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மங்கலாக, சந்தேகப்படுகிற மாதிரி ஒரு நீலம். மேசைக்குக் கொண்டுபோய் அமோனியா இரண்டு சொட்டு விட்டாள். டம்ளர் முழுவதும், செம்பு இருந்தால் மட்டும் வரும் ஆழ்ந்த நீலமாகியது. செம்பு தீரவில்லை. செம்பு தண்ணீரோடு போய்க்கொண்டிருக்கிறது.

பதிவேட்டில் இதற்கென்று ஒரு கட்டம் உண்டு. "வடிநீரின் நிறம்." ஒவ்வொரு பேட்ச்சுக்கும் அவள்தான் நிரப்பவேண்டும். பின்னோக்கிப் புரட்டினாள். நிறமில்லை, நிறமில்லை, நிறமில்லை. அவள் கையெழுத்துதான். காலையில் வந்ததும் அந்த நாளின் எல்லாக் கட்டத்தையும் ஒரே மூச்சில் எழுதிவிடுவது வழக்கமாகிப் போயிருந்தது. எத்தனையோ வருடம் நிறமில்லாமல் இருந்த தண்ணீர், இன்றைக்கு மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது என்று. இதில் சோம்பல்கூட இல்லை, வெறும் அசதி. அசதிக்கு யாரும் தண்டனை கொடுப்பதில்லை என்பதால் அது பாட்டுக்கு வளர்ந்திருந்தது.

செம்பு மிஞ்சுகிறது என்றால் முதலில் தீர்வது சோடா. இருநூறு கிலோ போடும்போது அது எப்படித் தீரும்?

கொப்பரையில் சரக்கு கொட்டுகிறவரைத் தராசு என்பார்கள். அறுபதை நெருங்கிய மனிதர். எதையும் நிறுக்காமல் தொடமாட்டார், தன் சாப்பாட்டு டப்பாவைக்கூட ஒரு தடவை நிறுத்தவர் என்று கேலி. அவள் அவரிடம் போனாள்.

"அண்ணே, சோடா எவ்வளவு போடுறீங்க?"

"நாலு மூட்ட. மூட்ட அம்பது. ஏன் மேடம்?"

"நிறுத்துத்தானே போடுறீங்க?"

தராசின் முகம் கொஞ்சம் சுருங்கியது. "என்ன கேள்வி இது. கண்ணுல வெளக்கெண்ண விட்டுக்கிட்டு நிறுக்கறேன். கரெக்டா அம்பது. எச்சா இருக்கறத எடுத்து அந்த டிரம்ல போட்டுர்றேன். நீங்க சொன்னபடிதான்."

நீங்க சொன்னபடி. அவளுக்கு நினைவு வந்தது. மழை ஓய்ந்த சமயம். தராசு வந்து, சோடா மூட்டை ஒவ்வொன்றும் ஐம்பத்தாறு கிலோ இருக்கிறது, கம்பெனிக்காரன் கொசுறு போட்டிருக்கான் போல என்றார். இவள்தான், குறித்தபடி ஐம்பதுக்கு மேல் ஒரு பிடிகூடப் போகக் கூடாது, மூட்டைக்கு ஆறு கிலோவை எடுத்துத் தனியாக வையுங்கள் என்றாள். மாதக் கூட்டத்தில் முதலாளி அதை எல்லோருக்கும் எடுத்துச் சொன்னார். "பாருங்க, இதுதான் பொறுப்பு. மூட்டைக்கு ஆறு கிலோ மிச்சம் பிடிச்சுக் குடுத்திருக்காங்க." கை தட்டினார்கள். பதினோரு வருடத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அதுதான். அன்று வீட்டு வாசலில் கணவரை ஒரு நிமிடம் நிறுத்திவைத்து அதைச் சொன்னாள்.

மூலையில் நீல டிரம்கள் வரிசையாக நின்றன. மூன்று மாத மிச்சம். மூடியைத் திறந்து கையை விட்டாள். தூளாக இருக்கவேண்டிய சோடா கட்டிகட்டியாகப் பிடித்திருந்தது. சரக்கு அறைக்குப் போனாள். மேலே தகரம் ஒன்று விலகி, சுவரில் மழை இறங்கின தடம் கீழ்வரை பச்சை பூத்திருந்தது. சோடா மூட்டைகள் அந்தச் சுவரோடு ஒட்டி அடுக்கியிருந்தன. மொத்தமாக வாங்கிப் போட்டவை.

நூறு கிராம் கட்டியை எடுத்துவந்து ஹாட் பிளேட்டில் வைத்து, கிளறிக் கிளறி உலர்த்தினாள். நின்றுகொண்டேதான் உலர்த்தினாள், உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம் என்று பயம். ஆறவைத்து நிறுத்தபோது எண்பத்தொன்பது கிராம். மீதிப் பதினொரு கிராமும் தண்ணீர்.

இனிப் புரிந்துகொள்ள ஒன்றுமில்லை. கம்பெனிக்காரன் எந்தக் கொசுறும் போடவில்லை. ஐம்பது கிலோ சோடா ஆறு கிலோ ஈரத்தைக் குடித்து ஐம்பத்தாறு ஆனது. மூட்டையைப் பிரித்து அப்படியே கொட்டியிருந்தால் ஒரு குறையும் வந்திராது, ஈரம் கொதிநீரோடு போயிருக்கும். மெனக்கெட்டு நிறுத்து, ஆறு கிலோவை அள்ளி எடுத்ததில், உள்ளே போன ஐம்பதில் நாற்பத்துநாலு சொச்சம்தான் சோடா. நாலு மூட்டைக்கு நூற்றெழுபத்தெட்டு. வேண்டியது நூற்றுத் தொண்ணூற்றொன்று. துத்தத்துக்குள் ஒளிந்திருக்கும் தண்ணீரை ஒரு நாளும் மறக்காதவள், சோடாவுக்குள் ஏறின தண்ணீரை நினைக்கவே இல்லை. ஏனோதானோ என்று வேலை பார்க்கிற தொழிற்சாலையில் இந்தத் தப்பு நடந்தே இருக்காது.

இன்னொன்றும் நினைவு வந்தது. ஒரு மாதம் முன்பு கிளி வந்து, "மேடம், தட்டுல மாவு மெல்லிசா வருது, என்னான்னு பாருங்க" என்றான். "நீங்க போய் உங்க வேலையப் பாருங்க" என்று சொன்னாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அதற்கும் தெம்பில்லை.

மூன்றரைக்கு முதலாளி அறைக்குப் போனாள். அவரும் ஒன்றும் தெம்பாக இல்லை. மேசை மேல் மாத்திரை அட்டை, பாதி குடித்த தண்ணீர்.

"கொண்டு வந்தீங்களா?"

"கொண்டு வரல சார். கொப்பரையிலதான் குறை." எல்லாவற்றையும் சொன்னாள். டம்ளரையும் நகத்தில் சுரண்டின செம்பையும் காட்டினாள். பதிவேட்டில் பார்க்காமலே எழுதினதையும் சொன்னாள். சொல்லிக்கொண்டு வரும்போது முதலாளி நெற்றியைத் தேய்த்தார்.

"அப்போ அந்தக் கிளி?"

"எடுக்கல சார். ஒரு சிட்டிககூட எடுக்கல."

முதலாளி மாத்திரை அட்டையைத் தள்ளி வைத்தார். "சரி. நாளைலேர்ந்து முழு மூட்டையா கொட்டச் சொல்லுங்க. தகரத்த மாத்தச் சொல்றேன். அவன் பாட்டுக்கு வேலைக்கு வரட்டும். பேச்ச இத்தோட விட்டுருவோம்."

"எல்லார் முன்னாடியும் வச்சு சோதன போட்டோமே சார்."

"அதுக்கு? மைக் வச்சுச் சொல்லணுமா? இங்க பாருங்கம்மா, உங்களுக்காகத்தான் சொல்றேன். கெமிஸ்ட்டே கணக்க விட்டுட்டாங்கன்னு தெரிஞ்சா, நாளைக்கு உங்க பேச்ச எவன் கேப்பான்? ரெண்டு நாள் போனா எல்லாம் தானா மறந்துரும்."

அவர் சொன்னது நியாயம் என்றே அவளுக்குப் பட்டது. அதுதான் வெட்கம். வேலை போகவில்லை, யாருக்கும் தெரியப் போவதில்லை, கிளிக்கும் வேலை உண்டு. ஐந்து மணிப் பஸ்ஸைப் பிடித்து, வீட்டுக்குப் போய்க் காலை நீட்டலாம். உடம்பு முழுவதும் சரி சரி என்று தலையாட்டியது. இதற்கு மேல் ஒரு வேலையைத் தூக்கித் தலையில் வைத்தால் தாங்காது என்று நினைத்தாள்.

இருந்தாலும் கிளியிடமாவது சொல்லிவிடவேண்டும். ஐந்து அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது காயவைக்கும் அறைக்குப் போனாள். அவன் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். காதோரம் பச்சை அப்படியே இருந்தது. இரண்டு பாக்கெட்டும் ஏற்கெனவே வெளியே தொங்கின.

சொன்னாள். அவன் துண்டால் முகத்தைத் துடைத்தபடியே கேட்டான்.

"அப்போ சோடாதான் கம்மியா?"

"ஆமா. நான்தான் கம்மியாப் போட வச்சேன். தெரியாம நடந்துபோச்சு கிளி. நீங்க மாவு மெல்லிசா இருக்குன்னு சொன்னப்பவே நான் பாத்திருக்கணும்."

"நான் சொன்னது ஞாபகம் இருக்கா." அவன் குரலில் கோபம் இருந்தால் தாங்கியிருப்பாள். ஆச்சரியம்தான் இருந்தது. துண்டை மடித்து வைத்தான். மறுபடி பிரித்து மடித்தான்.

"மேடம், லோடிங்ல இருக்கானே என் மச்சான், என் சம்சாரத்தோட தம்பி. நான்தான் அவன இங்க சேத்துவிட்டேன். பத்து நாளா எங்கூட சாப்பிட உக்கார்றதில்ல. வீட்டுக்கும் வர்றதில்ல. அக்காவுக்கு போன் பண்ணி, உன் வீட்டுக்காரர நம்பி எப்படிக் குடும்பம் நடத்துறன்னு கேட்டிருக்கான். அவ என்னை ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தாக்கூடத் தேவலாம்." நிறுத்தினான். "எங்கிட்ட சொல்லிட்டீங்க. நான் எடுக்கலன்னு எனக்கு முன்னாடியே தெரியும் மேடம். தெரியாதவங்ககிட்ட யாரு சொல்றது?"

ஐந்து மணி அடித்தது.

கேட்டில் வழக்கம்போல் கூட்டம். டிபன் கேரியர், குடை, கைப்பேசி வெளிச்சம். பஸ் தெருமுனையில் வந்து நின்று உறுமியது. காவலாளி நாற்காலியிலிருந்து எழுந்து இடுப்பில் கை வைத்தார். கிளி வரிசையில் பாக்கெட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் ஓர் ஆள் இடைவெளி. பத்து நாளாக அந்த இடைவெளி இருந்திருக்கிறது, அவள் இன்றைக்குத்தான் பார்த்தாள்.

அவளுக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. குரலும் எழும்பவில்லை. காவலாளியின் பக்கத்தில் போய் நின்று, "ஒரு நிமிஷம் எல்லாரும் நில்லுங்க" என்றாள். இரண்டாம் தடவை சொன்னபோதுதான் திரும்பினார்கள். பஸ் கிளம்பிடும் மேடம் என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.

"போகட்டும்," என்றாள். "கிளி எதையும் எடுக்கல. பொடி குறைஞ்சதுக்குக் காரணம் சோடா. மழையில மூட்ட ஈரமாயிருச்சு. எடை கூடுச்சு. அத மிச்சம்னு நெனச்சு மூட்டைக்கு ஆறு கிலோ எடுக்கச் சொன்னேன். அந்த ஆறு கிலோவுக்குத்தான் நீங்கள்லாம் கை தட்டுனீங்க. அதனாலதான் குறைஞ்சுது. தராசு அண்ணன் மேல தப்பில்ல, அவர் சொன்னதச் செஞ்சார். தண்ணி நீலமாப் போனத நான் பாக்கல. பாக்காமலே பாத்ததா எழுதிட்டேன்." கிளி பக்கம் திரும்பினாள். "அவ்வளவுதான். கிளி எடுக்கல."

யாரும் கை தட்டவில்லை. யாரோ "அட" என்றார்கள். தராசு தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிலர் பஸ்ஸைப் பார்த்தார்கள். மேலே அலுவலக ஜன்னலில் முதலாளி நின்றாரா இல்லையா என்று அவள் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. நாளைக்கு என்ன ஆகுமோ ஆகட்டும், இன்றைக்கு இதற்கு மேல் அவளிடம் ஒன்றும் இல்லை.

காவலாளி கிளியைப் பார்த்து, "சரிப்பா, நீ போ" என்றார். கிளி போகவில்லை. தொங்கிக்கொண்டிருந்த பாக்கெட்டை உள்ளே தள்ளினான். ஒன்று போயிற்று. இன்னொன்றில் விரல் சிக்கிக்கொண்டு, துணி திரும்பத் திரும்ப வெளியே வந்தது. கொஞ்சம் பச்சைப் பொடி உதிர்ந்தது.

லோடிங் பக்கத்திலிருந்து அவன் மச்சான் வந்தான். கிளியின் கையிலிருந்த டிபன் கேரியரை வாங்கிக்கொண்டு, அவன் இரண்டு கையாலும் பாக்கெட்டை உள்ளே தள்ளி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றான்.